சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்

என் பெரியப்பா குழாய் ரிப்பேர்க்காரர். எந்தக் குழாய் ஒழுகினாலும் “முதல்ல வாஷரை மாத்திப் பாரு” என்பார். அதனால் தெருவில் அவருக்கு வாஷர் என்றே பெயர். வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார். “காப்பியக் குடிச்சா கூலியில கை வைப்பாங்கடா” என்பார். எங்கே போவதானாலும் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார். நான் ஊரிலிருந்து படிக்க வந்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகிற வரைக்கும் அவருடைய ஒற்றை அறையில்தான் பாய் போட்டுப் படுத்தேன். அத்தனை காலத்தில் அவர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஓட்டலுக்குள் அவர் போவதே பின்வாசல் வழியாக, பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டால்தான்.

அப்படிப்பட்டவர், தன் ஒரே மகளை, என் அக்காவை, பெண் பார்க்க வருகிறவர்களை ஓட்டலுக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. எங்கள் நான்கு பேருக்கே அறை போதாது. விருந்தாளிகளை வாசற்படியில்தான் உட்கார வைக்க வேண்டும். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் விலை மலிவு, நாற்காலியும் ஆடாது.

“அவங்க மூணு பேருக்கு நல்லா வாங்கிடலாம். நமக்கும் சேர்த்துன்னா தாங்காது. நாம வீட்டுலயே முடிச்சிட்டுப் போயிடலாம்” என்றார். பெரியம்மா வடித்த சோற்றை மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மாப்பிள்ளை செல்போன் ரிப்பேர் செய்பவர். கூட அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். காய்கறிக் கடை வைத்து ஒற்றை ஆளாக மகனை ஆளாக்கியவர் அந்த அம்மா. ரொட்டியும் குழம்புமாக மேசைக்கு மூன்று தட்டுகள் வந்தன.

“உங்களுக்கு?” என்றார் அந்த அம்மா.

“எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லைங்க” என்றார் பெரியப்பா.

“வீட்டம்மாவுக்கு?”

“அவளுக்கும்தான்.”

“பொண்ணுக்கு?”

பெரியப்பா திணறிப்போய் என்னைக் காட்டினார். “தம்பி மகன். டிகிரி முடிச்சிருக்கான்.”

தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டிகிரி முடிச்சா பசிக்காதோ?”

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“எங்ககூட கை நனைக்க இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிடுங்க. காய்கறிக்காரி வீடுன்னு யோசிக்கிறீங்கபோல.”

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும். அக்காதான் பேசினாள்.

“நாங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்துட்டோம்மா. எல்லாருக்கும் வாங்க அப்பாவுக்குக் கட்டுப்படியாகாது. உங்களுக்கு எந்தக் குறையும் வைக்கக் கூடாதுன்னுதான் இப்படி.”

மேசைக்கடியில் பெரியம்மா அவளைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அந்த அம்மா தன் தட்டை மேசை நடுவுக்கு நகர்த்தினார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “நாலு வெறுந்தட்டு கொண்டாப்பா” என்றார். கடையில் கூறு கட்டிப் பழகிய கை. மூன்று பேர் சாப்பாட்டை ஏழு தட்டிலும் பங்கிட்டு முடித்தார். ஒன்றைப் பெரியப்பா முன்னால் நகர்த்தினார்.

“பேருக்கு ஒரு வாயாவது சாப்பிடுங்க, சம்பந்தி.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியப்பா ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார். தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது அவர் அக்காவின் பக்கம் பார்க்கவே இல்லை. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தவர், உள்ளே போகாமல் நின்றார்.

“அத நான் சொல்லியிருக்கணும்” என்றார், யாரையும் பார்க்காமல்.