நபீஹா அக்கா கேட்ட தண்டனை

நபீஹா அக்காவுக்கு முன்பல்லு மூணு கிடையாது. 'தண்ணி'ன்னு சொன்னா 'ஹண்ணி'ன்னுதான் வரும். நான் அதே மாதிரி பேசிக் காட்டுனா செருப்பத் தூக்குவா.

பல்லு போனது காலரா வந்த வருஷம். ஏமன் மலையில எங்க ஊருக்கு ஆஸ்பத்திரி இல்ல. பத்து நாள் சுகாதாரப் பயிற்சி எடுத்த அக்காதான் எல்லாம். எங்க ஊரு முக்பிலோட நாலு வயசு மக திக்ராவுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. மத்தியானம் போதைக்கு காத் இலை மெல்லுற கூட்டத்துல எவனோ சொல்லிட்டான்: "தண்ணி குடுத்தா இன்னும் போகும். வயித்தக் காயப்போடு."

ரெண்டு நாள் காயப்போட்டான். புள்ள தோலக் கிள்ளுனா கிள்ளுனபடியே நிக்குது.

அக்கா கதவ ஒதச்சு உள்ள போயி, உப்பு சக்கரத் தண்ணிய ஊட்ட ஆரம்பிச்சா.

"எம் புள்ளயக் கொல்ல வந்தியாடி?"

முக்பில் துப்பாக்கிக் கட்டையால அவ வாயிலயே இடிச்சான். பல்லு தரையில தெறிச்சுது. ரத்தத்தத் துப்பிட்டு அடுத்த ஸ்பூன் ஊட்டுனா. மறுபடி இடிச்சான். தோள் எலும்பு முறிஞ்ச சத்தம் தெருவுக்கே கேட்டுது. அவ கை மாத்தி ஊட்டுனா.

"அடி முக்பிலு, நல்லா அடி. புள்ள முழுங்குது பாரு."

வெளிய வந்த முக்பில அக்காவோட தம்பி ஹுமைத் தொடையிலயே சுட்டான்.

பொம்பளைய அடிக்கிறது எங்க குலச் சட்டத்துல 'கருப்புக் குத்தம்', இருக்கறதுலயே பெரிய அவமானம். தண்டனை நாலு மடங்கு. நாலாம் நாள் திக்ரா எந்திரிச்சு ரொட்டி கேட்டா. அன்னைக்கே முக்பில் நொண்டிக்கிட்டு வந்து, தீர்ப்பு உன்னோடதுன்னு துப்பாக்கிய அக்கா காலடியில வச்சான்.

"மூணு நாலு பன்னெண்டு! அவன் பல்லு பன்னெண்டையும் புடுங்குக்கா"ன்னான் ஹுமைத்.

"பல்ல வச்சு நான் என்னடா பண்ண? முக்பிலு, நாலு வெள்ளிக்கிழமை காத் சந்தையில நின்னு, தண்ணி குடுக்கணும்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா எவன் கேக்குறான்?"

மொத வெள்ளிக்கிழமை, "கொதிச்சு ஆறுன தண்ணி ஒரு லிட்டர்..."னு ஆரம்பிச்சதுமே இலை விக்கிற ஜஹ்ஷான், "எவன்கிட்ட காசு வாங்கிட்டு புள்ளைங்களக் கொல்லச் சொல்றடா?"ன்னு கல்ல விட்டான். நெத்தி கிழிஞ்சுது. பத்துப் பேரு ஏறி மிதிச்சாங்க. முக்பில் இடுப்புக் கத்தியத் தொடல. தொட்டா தீர்ப்ப மீறுன மாதிரி. கீழ கெடந்தே கத்துனான்:

"உப்பு அர ஸ்பூன்! எம் புள்ள உசுரோட இருக்குடா, வந்து பாருங்கடா!"

மிதிச்சவங்கள்ல ஒருத்தன் தூக்குன காலோட நின்னுட்டான். அவன் வீட்டுல ரெண்டு புள்ளைங்க வயித்தால போயி, தண்ணியில்லாம காய்ஞ்சு கெடந்துதுங்க.

"சக்கர எத்தன?"

"ஆறு. சின்ன ஸ்பூன். தலை தட்டிப் போடு."