பரோட்டாக் கடையில் நடந்த பரிசுத் தேர்வு

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றல் துறையில் சிறந்த மாணவர் ஆராய்ச்சிக்குப் பரிசு கொடுக்கிறார்கள், நடுவர்களில் நானும் ஒருவனாம். ஆள் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே வீடியோக்களைப் பார்த்து மதிப்பெண் போட்டால் போதும். லுங்கியோடு சௌகரியமாக உட்கார்ந்தேன். ஒரு பெண் புகையில்லாத அடுப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் புகை வாடை அடித்தது. சாரலில் நனைந்த விறகின் புகை. அதன் பின்னாலேயே அருவிக்கரை நல்லெண்ணெய் வாடையும் சால்னா வாடையும் வந்துவிட்டன. சீசனில் குற்றாலம் போயிருந்தால் உங்களுக்கும் அந்த மூன்றும் சேர்ந்துதான் நினைவிருக்கும்.

தென்காசிப் பக்கம் நானும் காதரும் பொறியியல் கடைசி வருடம் படித்தோம். சீசனில் குற்றாலத்துக் கடைகளில் விறகு காயவே காயாது. பரோட்டா அடுப்பின் சூடோ வீணாகப் போகும். அந்தச் சூட்டை ஒரு தகரக் கூண்டுக்குள் திருப்பி, மறுநாள் விறகை அதிலேயே காயவைக்கலாம் என்பது காதரின் யோசனை. சுடலைமுத்து அண்ணாச்சி தன் கடையில் இடம் கொடுத்தார். காதர் தகரம் வெட்டினான். நான் வெப்பமானியைப் பார்த்துச் சொன்னேன், மிச்ச நேரம் பரோட்டா தின்றேன். ஆராய்ச்சியில் என் பங்கு அவ்வளவுதான்.

காதருக்கு அது விளையாட்டில்லை. அவனுடைய வாப்பா சவூதியில் இருந்தார். அவனுக்கும் விசா எடுத்து வைத்திருந்தார். மாணவர் ஆராய்ச்சிப் போட்டி ஒன்றுக்குக் கூண்டை அனுப்பியிருந்தோம். அதில் முதல் பரிசு வாங்கினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியது என்று பேச்சு.

கடைசிச் சுற்றுக்குச் சென்னையிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். சரியாகச் சீசனில் தேதி வைத்தது ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் யார் வந்தாலும் முதலில் அருவி, அப்புறம்தான் மற்றதெல்லாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சிவந்த கண்ணும் அகோரப் பசியுமாகக் கடைக்கு வந்தார்கள். ஓர் அடுப்பில் கூண்டில் காய்ந்த விறகு, இன்னொன்றில் வெளியே கிடந்த ஈர விறகு. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர்.

இரண்டு அடுப்பும் ஜோராக எரிந்தன. தண்ணீர் இரண்டிலும் சேர்ந்தே கொதித்தது. பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதர் குனிந்து, அடுப்போரம் மிச்சம் கிடந்த ஈர விறகைத் தொட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை.

"அண்ணாச்சி, இங்கன கெடந்த விறகு எங்க?"

"அதப் பின்னால தள்ளிட்டேன். பெரிய படிப்புப் படிச்சவுக வந்திருக்காவ, அவுக மூஞ்சில பொகைய விடவா? செங்கோட்டைக்குப் போயி நல்ல காஞ்ச விறகாப் பாத்து வாங்கிட்டு வந்தேம்லா." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. காதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

நடுவர்களில் ஒரு அம்மா இருந்தார்கள். அவர்கள் சிரித்தே விட்டார்கள். "நாளைக்குக் காலைல குளிச்சிட்டு வரோம். மறுபடி செஞ்சு காட்டுங்க. விறகை மட்டும் இவர் கண்ணுல படாம வைங்க" என்றார்கள். இன்னொரு குளியலுக்கு மற்ற இருவரும் உடனே சம்மதித்தார்கள்.

மறுநாள் ஈர விறகு தன் குணத்தைக் காட்டியது. நடுவர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். அண்ணாச்சி அவமானம் தாங்காமல் பின்னாலேயே போய் வாழையிலையால் விசிறினார். கூண்டு விறகு மட்டும் புகையில்லாமல் எரிந்து தண்ணீரைக் கொதிக்கவைத்தது. முதல் பரிசு எங்களுக்கு.

பரிசு வாங்கி மேடையிலிருந்து இறங்கியதும் காதர் வாப்பாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்து, "நீயே சொல்லுல" என்று என்னிடம் நீட்டினான். நான்தான் சொன்னேன். "சரிப்பா, படிக்கட்டும். விசாவ மச்சானுக்குக் குடுத்துருதேன். இங்கன கூட ஒரு ஆளு இருக்கும்னு நெனச்சேன். பரவால்ல" என்றார் வாப்பா.

வீடியோவுக்கு மதிப்பெண் போட்ட கையோடு காதரைக் கூப்பிட்டேன். வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறான். அண்ணாச்சி கடையில் காஸ் அடுப்பு வந்து, கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களே என்று வழக்கம்போலப் புலம்பினேன்.

"பொக போகணும்னுதானல செஞ்சோம். போயிட்டுல்லா, பெறகென்ன" என்று சிரித்தான். அப்புறம் அவனே சொன்னான்: "வாப்பா லீவுல வரும்போது அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். அவுக வரதுக்குள்ள காஸ் வந்துட்டு. அந்தக் கூண்ட ஒரு தடவகூட அவுக பாக்கல."

வாப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. நான், சாரல் ஆரம்பித்துவிட்டது, அடுத்த சீசனுக்காவது ஊருக்கு வா என்றேன்.