கல் வலி

கொண்டாப்பூரில் குடியிருந்த வருடங்களில், மருத்துவமனைகளுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சோதனை நடக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் எங்கோ வெளிநாட்டில் இருந்தது. என் திரையில் ஒரு ஜன்னலாகத் திறக்கும். அந்த ஜன்னலுக்குள் எதைத் தட்டினாலும் ஆங்கிலம்தான் விழும்.

தமிழ்ப் பதிப்பின் முறை வந்தது. சோதனைப் பட்டியலில் ஒரு வரி: 'நோயாளி விவரத்தைத் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது.' என் டீம் லீட் அதே நகரத்தின் அல்வால் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். அந்த ஊர் உருது கலந்து தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது.

"எங்கிருந்தாவது காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணும்மா. பாஸ்னு போட்டுரு."

"பேஸ்ட் பண்றது டைப் பண்றது ஆகாது சார்."

"நக்கோம்மா, வேணாம். கைக்கு? எதுக்கு இந்தத் தலைவலி? தமிழ்ல யாரு டைப் பண்ணப்போறாங்க?"

"நான் பண்ணுவேன் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியாது. புதிதாக எதையும் நிறுவ அனுமதியில்லை என்று அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒற்றை வரியில் பதில் போட்டார்கள். கோபம் வந்தது. அனுமதியே தேவைப்படாத இடத்தைத் தேடினேன். தமிழ் உள்ளிடும் புரோகிராம் அங்கே ஏற்கெனவே இருந்தது. தூரத்திலிருந்து நுழைபவர்களுக்கு மட்டும் அது தொடங்கவில்லை. நான் நுழையும்போது என்னென்ன தொடங்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு என் சொந்த ஃபோல்டரில் கிடந்தது. டெஸ்க்டாப்பைத் திறக்கும் வரிக்கு மேலே நான்கு வரிகள் சேர்த்தேன். வெளியேறி மறுபடி நுழைந்தால், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். தமிழ் எழுத்துருவையும் என் ஃபோல்டரிலேயே கொண்டுவந்து போட்டேன். இரண்டு நாள் மதியச் சாப்பாடு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே. மூன்றாம் நாள் 'அ' வந்தது.

நோயாளியின் குறை என்ற இடத்தில் 'கால் வலி' என்று தட்டினேன். 'கல் வலி' என்று விழுந்தது. 'காது' 'கது' ஆனது. பேஸ்ட் செய்தால் எல்லாம் சரி. எங்கள் மென்பொருளில் மட்டும், விரலால் தட்டினால் துணைக்கால் காணாமல் போனது.

'ஃபெயில்' என்று எழுதினேன். லீட் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ரிலீஸ் நிக்கும்மா. ஒரு கோடுதானே போச்சு?"

"கால் வலின்னு வந்தவருக்குக் கல் வலின்னு இருந்தா, டாக்டர் கிட்னியைப் பாப்பாரு சார்."

"பாஸ்னு மாத்தும்மா."

"மாட்டேன். வேணும்னா என் பேரை எடுத்துட்டு நீங்க போட்டுக்குங்க."

அவர் போடவில்லை. பத்து நாள் என்னோடு பேசவும் இல்லை. தமிழ்ப் பதிப்பு தள்ளிப்போய், பிழை திருத்தப்பட்டு வெளியானது. அடுத்த மாதம் தெலுங்குப் பதிப்பைச் சோதிக்கும் பெண் வந்து அந்த நான்கு வரிகளைக் கேட்டு வாங்கிப்போனாள்.

அந்த வருட மதிப்பீட்டில் 'பிடிவாதம் அதிகம்' என்று லீட் எழுதியிருந்தார். கீழே, ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் செய்தேன்.