ஓம் என்றால் ஓம்தான்

1. மணி

நான் அனுப்பிய மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டு, பாட்டு வெளியிடுகிற, தமிழ் தெரியாத கம்பனிக்காரர் போனில் வாய் நிறையப் புகழ்ந்தார். அடுத்தது என்ன என்று காத்திருந்தேன். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையில் தமிழ்ப் பாட்டு எழுதித் தயாரித்தே தலை நரைத்தவன் நான். முதல் வசனத்தில் புகழ்ச்சி வந்தால் இரண்டாவதில் ஆப்பு வரும்.

வந்தது. கோரஸில் வருகிற "ஓம்" அவருக்கு மிகவும் அமைதியாக இருந்ததாம். பின்னால் கோயில் மணியும் தம்புராவும் சேர்த்தால் யோகா செய்கிறவர்களும் வாங்குவார்களாம். சேர்க்காவிட்டால் பாட்டு வேண்டாமாம்.

அமைதியாம், அமைதி! அது ஒரு மனுசியின் கோபம். ஆண் குரல்கள் "கோவமோ?" என்று கேட்கும். பாட்டுக்காரி ரெஜினா "ஓம்" என்பார். தமிழ்நாட்டார் ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் ஓம் என்போம். ரெஜினா வேதக்காரி, கிறிஸ்தவர் வேறு. மந்திரத்துக்கு அவர் எங்கே போவார்?

2. ரெஜினா

ரெஜினா, நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் இருப்பவர். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் யூட் அவரை வோபர்னில் உள்ள என் பேஸ்மென்ட் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து போனில் கிரிக்கெட் பார்ப்பார். கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். மனுசி பாடுவதை அவர் ஒருநாளும் முன்னால் இருந்து கேட்டதில்லை. பாட்டே அதைப் பற்றித்தான்.

முதலில் பதிந்த டேக்குகள் தேறவில்லை. ஒவ்வொரு "ஓம்" உம் தேவாலயப் பூசைப் பாட்டுப்போல இனித்தது. "வடிவாப் பாடாதையும் பிள்ளை," என்றேன். "வீட்டில சொல்லேலாத ஓமைச் சொல்லும்." அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, பல்லுக்குள்ளால் ஒன்று சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்பனிக்காரர் அமைதி என்று நினைத்தது அதைத்தான்.

ரெஜினாவின் முதல் பாட்டு அது. கம்பனி எடுத்தால் ரேடியோவில் போகும், எடுக்காவிட்டால் நாங்களே மண்டபம் மண்டபமாகக் காவித் திரியவேண்டும். கம்பனி மணி கேட்டதையும் சேர்த்து இதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மணி போட்டா நான் கும்பிடுற மாதிரி இருக்கும், அண்ணை. நான் கும்பிடேல்லை."

மணி போடமாட்டோம் என்று கம்பனிக்கு எழுதினேன். பாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

3. மண்டபம்

ஸ்காபரோவிலேயே ஒரு மண்டபத்தில் அந்தப் பாட்டை மேடையேற்றினோம். இங்கே பிறந்த பெடியள்தான் பின்குரல். அவர்கள் "கோவமோ?" என்று கேட்க, ரெஜினா வாய் திறக்கமுன் சபையில் இருந்த பெண்கள் "ஓம்" என்றார்கள். சோல் இசையில் கேள்வியும் பதிலும்தான் உயிர். சனம் தானாகப் பதில் சொன்னால் தயாரிப்பாளருக்கு அங்கே வேலை இல்லை. நான் அழுதேன்.

அன்றைக்கு வெளியே நல்ல குளிர். காரில் இருக்க முடியாமல் யூட் உள்ளே வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து நான் வயர் சுற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"அண்ணை, உவ மெய்யா என்னோடை கோவமோ?"

அது வெறும் பாட்டு என்று சமாளிக்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். கேள்வியை உரிய ஆளிடம் கொண்டுபோய் விடுவதோடு பாட்டுக்காரன் வேலை முடிகிறது. இத்தனை காலத்தில் இந்தத் தொழிலில் நான் படித்தது அதுதான்.

"என்னட்டைக் கேளாதையும், தம்பி. அவவிட்டைக் கேளும்."

ரெஜினா மேடை ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். யூட் போய்க் கேட்டார்.

"ஓம்," என்றார் ரெஜினா.

யூட் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தார்.