யசிந்தா தொடங்கினால் சனம் சேரும்

யசிந்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் அந்த வகை இல்லை. என் பெயர் மரியரட்ணம், வயது அறுபத்தொன்று. எங்கள் கோயில் பாடகர் குழுவின் செயலாளர். பின்வரிசையில் நின்று தடித்த குரலில் பாடுகிறவன். முப்பது வருடமாக அவள் தொடங்க நான் சேர்ந்திருக்கிறேன். ஆகவே அவளுடைய குறைகள் என்னைப்போல ஒருவருக்கும் தெரியாது.

பெரிய குறை, காத்திருப்பது. குருநகரில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் கோயில் நல்ல நீளம். முன்னால் தொடங்கும் பாட்டு பின்வாசலில் நிற்கிறவர்களுக்குப் போய், அவர்கள் வாய் திறந்து, அது திரும்பி வருவதற்குள் முன்வரிசை அடுத்த வரிக்குத் தயாராகிவிடும். வேறு பாடகி என்றால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். யசிந்தா போகமாட்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நின்று, கடைசி ஆளும் பாடி முடித்த பிறகுதான் அடுத்த வரி. இதனால் பூசை பத்து நிமிடம் நீளுகிறது என்று மூன்று பங்குச் சுவாமிமார் முறையிட்டிருக்கிறார்கள். மூவரும் மாறிப் போய்விட்டார்கள், அவள் மாறவில்லை.

அவள் பாடத் தொடங்கியதே ஒரு தற்செயல். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊர் முழுதும் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வகுப்பறையில் பூசை. ஓகன் வாத்தியம் இல்லை, வழமையாகப் பாட்டுத் தொடங்குகிறவர் எந்தப் பக்கம் போனார் என்றும் தெரியாது. சுவாமி எங்கள் முகத்தைப் பார்த்தார், நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். அப்போது கடற்றொழிலாளி லெனாட்டின் மகள் யசிந்தா, பதினேழு வயது, சோற்று வரிசையில் நிற்கக் கொண்டுவந்த கோப்பையைக் கையில் வைத்தபடியே தொடங்கினாள். மழையில் நனைந்து எல்லோருக்கும் இருமல். அதைக் கவனித்து மிகவும் தாழ்வாகத் தொடங்கினாள். எல்லோராலும் சேர முடிந்தது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அவளுடைய குரலுக்குப் பின்னால் போனேன்.

பிறகு ஊருக்குத் திரும்பினோம். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கனிசியஸைக் கலியாணம் கட்டினாள். இப்போது நாற்பத்தேழு வயது. பகலில் நண்டுச் சதை எடுக்கும் கொம்பனியில் வேலை. நண்டு ஓடு கிழித்த காயம் இல்லாத விரல் அவளிடம் கிடையாது. ஞாயிறு பூசை, புதன் நவநாள், கலியாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் முன்வரிசையில் அவள்தான். சங்கீதம் படித்தவள் இல்லை. அவளுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று: தான் தொடங்கிச் சனம் சேராத நாள் இல்லை.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான சர்வதேச றக்பி போட்டி வைத்தார்கள். இலங்கை அணிக்கும் நேபாள அணிக்கும், இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு ஆட்டம். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த செபநாயகம், இளைப்பாறிய உடற்பயிற்சி ஆசிரியர், எங்கள் பெருநாளில் யசிந்தாவின் பாட்டைக் கேட்டவர். தேசிய கீதத்தைத் தமிழில் பாட அனுமதி எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தார். அவள் ஓம் என்றுவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

பாட்டுப் பழகும் நாளில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"பாடும், பிள்ளை. குரல் உம்மடை. ஆனா எங்கடை சனம் ஒருத்தரும் சேராயினம். எழும்பி நிப்பினம், அவ்வளவுதான்."

"நான் தொடங்கினால் சனம் சேரும் அண்ணை."

"அது கோயில். இது வேறை பாட்டு."

"சனம் அதே சனம்தானே?" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டிருக்க வேண்டும். "ஒருத்தரும் சேராட்டி நான் இனி முன்வரிசையிலை நிக்கேல்லை. சரியோ?" என்று சொல்லிவிட்டாள். குழு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சரி என்றேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறில், ஊர் ஆமியின் கையில் இருந்த காலம், வேலைக்கென்று சைக்கிளில் போன என் மூத்த அண்ணை வீட்டுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்தப் பாட்டை எங்கே போட்டாலும் நான் எழும்பி நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். எங்கள் ஊரில் என்னைப் போல எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. யசிந்தாவுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டும் சேருவார்கள் என்று நம்பினாள். அதுதான் எனக்குக் கோபம்.

முதல் சனிக்கிழமை, அவள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். மகள் நிரோஜினி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள். மேடைக்கு எதிர்ப்பக்கத்தில், மைதானத்துக்கு அப்பால், சனத்தோடு சனமாக நின்றோம். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். பந்தை முன்னுக்கு எறியக்கூடாதாம், ஆனால் முன்னுக்குத்தான் ஓடவேண்டுமாம். இதைப் பக்கத்தில் நின்றவர் எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். ஒலிபெருக்கி கனிசியஸுடையது. மேடைப் பக்கம் நாலு பெட்டி, எங்கள் பக்கம் நாலு பெட்டி.

நேபாளத்தின் பாட்டு ஒலிப்பதிவில் போனது. பிறகு யசிந்தா மைக்குக்கு முன்னால் வந்தாள். பெருநாளுக்குக் கட்டும் நீலச் சேலை. முதல் வரியைப் பாடினாள். வழமைபோலத் தாழ்வாக, எல்லோருக்கும் எட்டும் குரலில். முடித்ததும் நின்றாள். எங்கள் தலைக்கு மேல் இருந்த பெட்டிகளில் அந்த வரி முடிந்து, மைதானத்தைத் தாண்டி அவளிடம் போய்ச் சேர்ந்தது. அவளுடைய முகம் எவ்வளவு தூரத்திலும் தெரியும்படி மலர்ந்தது. அடுத்த வரியைத் தொடங்கினாள். மறுபடியும் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் பாடவில்லை. நிமிர்ந்து நின்றோம், தொப்பியைக் கழற்றினோம், பேசாமல் இருந்தோம். நடுவில் தோளோடு தோள் கைபோட்டு நின்ற இலங்கை அணிப் பெண்கள் தங்கள் மொழியில் வாயை அசைத்தார்கள். அது எல்லைக்கோட்டைத் தாண்டி வரவில்லை. அவளோ வரிக்கு வரி காத்திருந்து காத்திருந்து பாடினாள். இரண்டரை நிமிடப் பாட்டு நாலு நிமிடம் போனது. ஆட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நேபாளப் பெண் ஒருத்தி காலை மாற்றி மாற்றி நின்றாள். பாடி முடித்த யசிந்தா எங்கள் பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஏன் கும்பிட்டாள் என்று அடுத்த நாள்தான் விளங்கியது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"பார்த்தீங்களே அண்ணை? அந்தப் பக்கம் முழுக்கச் சேர்ந்து பாடினவை. எனக்கு அழுகை வந்திட்டுது."

"ஆர் பாடினது?"

"நீங்களும் அங்கைதானே நிண்டனீங்கள். கேக்கேல்லையே?"

அவள் கேட்டது அவளுடைய குரலைத்தான். நூறு மீற்றருக்கு மேல் தள்ளி இருந்த பெட்டியிலிருந்து அது திரும்பிவரக் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கிறது. வேறு பாடகி என்றால் இரைச்சல் என்று நினைத்திருப்பாள். முப்பது வருடம் எங்கள் கோயிலில் பிந்தி வரும் சனத்துக்குக் காத்திருந்தவளுக்கு, பிந்தி வந்த சத்தமெல்லாம் சனமாகத்தான் கேட்டிருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் நிரோஜினியைக் கூப்பிட்டு, அவள் போனில் எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சனம் அதில் வரிசையாகத் தெரிந்தது. ஒரு வாயும் அசையவில்லை. என்னுடைய வாயும்தான், கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில். மேலே பெட்டிக்குள்ளிருந்து ஒரேயொரு குரல்.

யசிந்தா பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கடை சனம் இவ்வளவு ஒழுங்கா எந்த நாளிலை பாடினது?" என்றாள். "சுதி பிசகேல்லை, சொல்லுப் பிசகேல்லை. அங்கையே எனக்கு விளங்கியிருக்க வேணும்."

கனிசியஸ் சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். அவனுக்கு நேற்றே தெரியும். பெட்டி வைத்தவன் அல்லவா. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "பெட்டி வைச்சது நான். அதுக்கு மேலை என்னைக் கேளாதையுங்கோ" என்றான்.

புதன்கிழமை நவநாளுக்கு யசிந்தா முன்வரிசைக்கு வரவில்லை. எனக்கு இரண்டு ஆள் தள்ளி, பின்வரிசையில் வந்து நின்றாள். சுவாமி ஒரு தரம் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? விசயம் அவருக்கும் போயிருந்தது. ஜெசிதா என்ற இளம் பிள்ளை தொடங்கினாள். நல்ல குரல்தான். ஆனால் தனக்கு வசதியான உயரத்தில் தொடங்கினாள். மூன்றாவது வரியில் ஆண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். பின்வாசல் சனம் எங்கே நிற்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பூசை பத்து நிமிடம் முந்தி முடிந்தது.

வென்றவன் நான். நான் சொன்னது சரி, காட்டியதும் உண்மை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியவளும் அவள். எல்லாம் சரியாக இருந்தும் நெஞ்சு மட்டும் சரியாக இல்லை. அவளை அந்தப் பின்வரிசையில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு அவள் போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சொன்ன வேலை என்று போனாள். அன்று நான் கொஞ்சம் வெள்ளனவே போய் மேடைப் பக்கம் நின்றேன். மன்னிப்புக் கேட்கவா என்றால், அதற்கும் வாய் வரவில்லை. கனிசியஸ் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். யசிந்தா அவனிடம் போனாள்.

"எதிர்ப்பக்கத்துப் பெட்டி நாலையும் நிப்பாட்டுங்கோ."

செபநாயகம் ஓடிவந்தார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? அந்தப் பக்கத்துச் சனத்துக்கு வடிவாக் கேக்காதே!"

"கொஞ்சம் கேக்கும் சேர். போன முறை நான் என்ரை குரலுக்கு நிண்டு காத்திருந்தனான். இந்த முறை ஆர் பாடுகினம், ஆர் பாடேல்லை எண்டு எனக்குக் கேக்க வேணும்."

"ஒருத்தரும் பாடாட்டி?"

"அதையும் கேட்டுப்போட்டுப் போறன்."

கனிசியஸ் போய்க் கம்பியைக் கழற்றினான். நான் மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போனேன். நிரோஜினி இடம் பிடித்து வைத்திருந்தாள்.

யசிந்தா தொடங்கினாள். பெட்டி இல்லாத எங்கள் பக்கத்துக்கு அவள் குரல் மெலிந்துதான் வந்தது. முதல் வரி முடிந்தது. அவள் நின்றாள். எங்களிடமிருந்து ஒன்றும் போகவில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். முப்பது வருடத்தில் அவள் தொடங்கி ஒருவரும் சேராமல் விட்டது அதுதான் முதல் தடவை, அவள் காது கேட்க.

அவள் இரண்டாவது வரியை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

நாட்டுப்பற்று என்று யாரும் எழுதிவிட வேண்டாம். என் அண்ணையின் விசயம் அப்படியேதான் கிடக்கிறது. அதற்கு இன்றும் எனக்குப் பதில் வேண்டும். அவள் தனியே நிற்கிறாள், அது என்னால் தாங்க முடியவில்லை. வேறு காரணம் இல்லை. குரல் கரகரத்து, அரைச் சுருதி கீழே போய் விழுந்தது. நிரோஜினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் நின்ற சிலரும் பார்த்தார்கள். ஒருவர் முறைத்தார். பிறகு பின்னால் எங்கேயோ ஒரு பெண் குரல் சேர்ந்தது. வலப்பக்கம் இரண்டு பேர். என் மகள் பாடவில்லை. அது அவளுடைய விருப்பம். மொத்தமாக ஏழெட்டுப் பேர் இருப்போம். எங்களுக்குச் சொல்லும் ஒழுங்காகத் தெரியாது, தெரியாத இடத்தில் முனகினோம். ஒருவரும் ஒருவரோடு ஒட்டாமல், அவளுக்கு ஒரு வரி பிந்தி வந்துகொண்டிருந்தோம்.

அங்கே அவள் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினாள். அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு கெதியாக முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நாங்கள் ஏழெட்டுப் பேரும் தட்டுத்தடுமாறி அந்த வரியை முடிக்கும்வரை அவள் அடுத்த வரியைத் தொடங்கவில்லை.