கார்டுக்கு மூன்று சதவீதம்

டெல்மர் ஹட்சன்ஸ் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து என்ஜின் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று ஆர்க்கன்சாஸில் ஒரு ஏரிக்கரையில் வீடு வாங்கினார். வீட்டுக்காரர்கள் சங்கம் அவரைப் பிடித்துப் பொருளாளர் ஆக்கிவிட்டது. சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளம்.

ஆண்டுச் சந்தாவைக் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கிக்காரன் மூன்று சதவீதம் பிடித்துக்கொள்வான். அதுவரை சங்கமே அதைச் சுமந்து வந்தது. டெல்மருக்கு வயிறு எரிந்தது. அவருடைய மைத்துனன் கார்டைத் தேய்த்துத் தேய்த்தே பாயிண்ட் சேர்த்து, வருடாவருடம் ஹவாய்க்கு ஓசியில் பறக்கிறவன். கார்டு என்றாலே அவருக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும்.

"அவங்க ஊர் சுத்துறதுக்கு, செக் எழுதுறவன் ஏன்யா தண்டம் அழணும்? தேய்க்கிறவங்களே கட்டட்டும்!" என்று கூட்டத்தில் முழங்கினார். கைதட்டி நிறைவேற்றினார்கள்.

ஜனவரியில் அலுவலகப் பெண் விடுப்பில் போக, டெல்மரே கவுண்டரில் உட்கார்ந்தார். முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு ஐவா ஜீன். டெல்மரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் சோளரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து வைத்தவள்.

அவள் நீட்டிய முதல் கார்டை மெஷின் ஏற்கவில்லை. அடுத்ததில் பாதிதான் ஏறியது. மூன்றாவதை எடுத்தாள்.

"செக்கா குடுத்தா முப்பது டாலர் மிச்சமாகுமே, ஐவா?"

"செக் எழுத பேங்க்ல பணம் இருக்கணும்ல, டெல்மர்?" அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

டெல்மர் தன் பையிலிருந்து முப்பது டாலரை எடுத்து நீட்டினார். அவள் முறைத்த முறைப்பில் உள்ளே வைத்துக்கொண்டார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பணமில்லாதவர்களும் கார்டுதான் தேய்ப்பார்கள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். "நான் கொண்டுவந்த தீர்மானம் தப்பு. ரத்து பண்ணுங்க."

"திடீர்னு என்னய்யா ஞானோதயம்?" என்றார் சங்கத் தலைவர் ரஸ்டி. "இதனால யாரு கஷ்டப்படுறா? ஒரே ஒரு பேர் சொல்லு, இப்பவே எடுத்துடலாம்."

மூன்றாவது வரிசையில் ஐவா ஜீன் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். டெல்மர் வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்தார். யாரும் வழிமொழியவில்லை. மூன்று சதவீதம் அப்படியே நின்றது.

வெளியே, கார் பக்கத்தில் அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மானத்தைக் காப்பாத்திட்ட. ரொம்ப நன்றி, டெல்மர்."

அதற்குப் பதில் அவள் நாலு பேர் முன்னால் தன் முகத்தில் காறித் துப்பியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.