முழுவதும் கிடைத்தது

எங்கள் ஐந்து பேரையும் பஸ் கண்டக்டர்கள் சர்வேக்காரர்கள் என்றே நினைத்தார்கள். கையில் கம்பிச்சுருள், தோளில் மரப்பெட்டி, பை நிறைய பேட்டரி. வேறு என்ன நினைக்க முடியும்? ஒருமுறை கடலோரத்தில் ஒரு போலீஸ்காரர் எங்களைக் கடத்தல்காரர்கள் என்று முடிவே கட்டிவிட்டார். பொழுதுபோக்குக்காகச் சொந்தப் பெட்டி வைத்து வானலையில் பேசும் அமெச்சூர் ரேடியோ என்றால் அவருக்கு விளங்கவில்லை. எங்களில் மூத்தவரான அண்ணாச்சிதான் டெல்லியிலிருந்து வந்த லைசென்சை நீட்டி, "வாசிச்சுப் பாருங்க சார். நாங்க சும்மா பேசுததுக்குப் போறோம், வேற ஒண்ணும் கொண்டு போகல," என்றார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். வெளியூர்க்காரன், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன், பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் வாசம். அண்ணாச்சி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாத்தான்குளத்தில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மேடான இடமாகப் பார்த்து நடப்போம். வல்லநாட்டு மலை, இல்லாவிட்டால் குலசேகரன்பட்டினத்துப் பக்கம் உள்ள செம்மணல் தேரி. உச்சியில் ஏரியல் கட்டி, தந்தி போலப் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் அடித்து, யாராவது பதில் சொல்கிறார்களா என்று காது கொடுப்போம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது சரிதான்.

அண்ணாச்சி வராவிட்டால் யாரும் கிளம்ப மாட்டோம். கல்லைக் கட்டிய கம்பியை ஒரே வீச்சில் பனையின் கழுத்தில் மாட்டிவிடுவார். யாருக்கு மூச்சு வாங்கினாலும் கேட்காமலே அந்த ஆளின் பெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார். அவர் மனைவி, எங்கள் மதினி, கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை எங்கள் நால்வருக்கும் பிரித்து வைத்துவிட்டு, "எனக்கு வயிறு மந்தமா இருக்கு" என்று பொய் சொல்லி, மிஞ்சியதைத் தின்பார். எனக்கு உலகத்தில் அவரைவிட வேண்டியவர் யாரும் இருக்கவில்லை. அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

ஐந்து பேர் மெல்லக் குறைந்தோம். ஒருவர் துபாய் போனார், ஒருவருக்கு மாற்றல். இன்னொருவருக்குக் கல்யாணம் ஆனது. ஆள் இருந்தார், சனிக்கிழமை இல்லை. கடைசியில் அண்ணாச்சியும் நானும்தான். பிறகு அவர் கை ஆடத் தொடங்கியது. நடுக்குவாதம் என்றார் டாக்டர். கால்களும் தளர்ந்தன, நடை நின்றது. மிஞ்சியது சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் சாத்தான்குளத்திலும் நான் என் அறையிலும் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம். பேச்சு என்றால் கீயைத் தட்டி அடிக்கும் மோர்ஸ்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். குரலை அனுப்பும் பெட்டி எங்கள் இருவரிடமும் இல்லை.

"கை ஆடுதுலே, பாத்துக்கோ," என்றார் ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது. "நான் அடிக்கது வெளங்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிரணும். அன்னைக்கே கீயைக் கழத்திப் போட்டுருதேன். ஒருத்தன் காதுல குப்பையக் கொட்டப்பிடாது."

சரி என்றேன்.

மோர்ஸில் ஒருவர் சொன்னது எல்லாம் வந்து சேர்ந்தால் 'ஆர்' என்ற எழுத்தை அடிப்போம். முழுவதும் கிடைத்தது என்று அர்த்தம். கிடைக்காமல் அதை அடிப்பது எங்களுக்குள் பெரிய அசிங்கம். அக்டோபரில் அவர் அடித்ததில் பாதி விளங்கியது. நவம்பரில் கால்வாசி. புள்ளி கோடாகும், ஓர் எழுத்து உடைந்து இரண்டாகும். டிசம்பரில் ஒன்றுமே இல்லை, வெறும் நடுக்கம். நான் தினமும் ஆர் அடித்தேன். 'நன்றாகக் கேட்டது, சந்தோஷம், நன்றி' என்று சேர்த்தும் அடித்தேன்.

அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது புளுகு. உண்மையைச் சொன்னால் கீயைக் கழற்றிவிடுவார். பிறகு ஆறு மணிக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? மெஸ்ஸில் தின்றுவிட்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னலைச் சாத்திப் படுக்க வேண்டியதுதான். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அது என்ன சொல்கிறது என்பது அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவர் வரவில்லை. திங்களும் இல்லை. பெட்டியில் வால்வு போயிருக்கும் என்று நினைத்து ஒரு கார்டு போட்டேன், பதில் இல்லை. நேரில் போயிருக்கலாம். போனால் தான் அடித்ததில் ஏதாவது பழைய பேச்சைக் கேட்பார், மாட்டிக்கொள்வேன் என்று பயம். பிப்ரவரி, மார்ச் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஏப்ரலில் மதினியின் கார்டு வந்தது. அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

போனேன். மதினி காப்பி கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாம் போகும்வரை பொறுத்திருந்து, "ஒரு காரியம் கேக்கணும், தப்பா நெனைக்கப்பிடாது," என்றார்கள்.

"கேளுங்க மதினி."

"அவியளுக்குக் கடைசியா ஒருதடவ தேரிக்கு ஏறணும்னு ஆச. தனியா முடியாதே. ஜனவரி ரெண்டாஞ் சனிக்கெழம கொலசேகரப்பட்டணம் பஸ் ஸ்டாப்புல நிக்கேன், நீ வந்து கையப் பிடிச்சுக்கிட்டா ஏறிருவேன்னு பெட்டியில உங்களக் கூப்பிட்டிருக்காவ. நீங்களும் முழுசும் கெடச்சுது, சந்தோசம்னு சொன்னியளாம். மொத பஸ்ஸுக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாவ. மத்தியானம் ரெண்டு மணி வர வெயில்ல உக்காந்திருக்காவ."

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நம்மைத் தேட உலகத்தில் ஒரு ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் வந்து, ஏன் வரலன்னு கேட்டிருக்காவ," என்றார்கள் மதினி. "அதுக்கும் நீங்க, நல்லாக் கேட்டுது, சந்தோசம், நன்றின்னு சொன்னியளாம். அதோட பெட்டிய மூடுனவிய தொறக்கவே இல்ல. அப்பிடி என்ன கோவம் உங்களுக்கு?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்களே தொடர்ந்தார்கள்.

"உங்க மேல உசுரு. கை போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு, ஆனா என் தம்பிக்கு ஒரு எழுத்து விடாம வெளங்குதுன்னு கடைக்கு வாறவங்க எல்லார்ட்டயும் சொல்லுவாவ. அந்த ஒண்ணுதான் அவியளுக்குத் தெம்பா இருந்துது."

அண்ணாச்சியின் விரல்கள் முன்பே போய்விட்டன, அவர் கடைசியாகப் பேசியது யார் காதிலும் ஏறவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். என்மேல் இருந்த பழி பாதியாவது குறைந்திருக்கும். மதினியிடம் மிஞ்சியிருந்த அந்த ஒன்று முழுதும் போயிருக்கும்.

"அன்னைக்கு வர எனக்கு மனசில்ல மதினி," என்றேன்.

மதினி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.